55 கிலோவில் நின்றுபோன பென்ச் பிரஸ்

கேள்வி:

சார், எனக்கு வயது 26. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை. பெரும்பாலான நாள் ஒன்றரை ஷிப்ட், எட்டரைக்குத்தான் விடுவார்கள். அங்கிருந்து நேராக ஜிம். ஏழு மாதமாகப் போகிறேன். உயரம் 172 சென்டிமீட்டர், எடை 61 கிலோ. பென்ச் பிரஸ், அதாவது பென்ச்சில் படுத்து எடை மாட்டிய ராடை நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பயிற்சி, 30 கிலோவில் ஆரம்பித்து, நான்கு மாதத்தில் 55 கிலோ, ஐந்து கவுன்ட் (தொடர்ந்து ஐந்து தடவை) வரை வந்தது. அதன்பிறகு மூன்று மாதமாக அதே 55. 60 போட்டால் ராடு நெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறது. ஞாயிறு தவிர ஆறு நாளும் போகிறேன். திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக் என்று நாளுக்கு ஒரு பாகம். செஸ்ட் நாளில் ஐந்து பயிற்சி, ஒவ்வொன்றும் நான்கு செட் (சுற்று). காலையில் நான்கு இட்லி, மதியம் சாப்பாடு, சாயங்காலம் டீ, பன். இரவு ஜிம் முடிந்து மூன்று தோசை, இரண்டு முட்டை. ஜிம்முக்கு முன்னால் நண்பர் தரும் பிரீ ஒர்க்அவுட் பவுடர் ஒரு ஸ்கூப். படுக்கப் பன்னிரண்டரை ஆகும், ஆறரைக்கு எழுந்துவிடுவேன். ஜிம் மாஸ்டர், எடை கூட்டும் மாஸ் கெய்னர் பவுடர் வாங்கச் சொல்கிறார். கூட வரும் ஒருவர், 'ஊசி போட்டால் ஒரே மாதத்தில் 80' என்கிறார். என் உடம்புக்கு இவ்வளவுதானா சார்?

பதில்:

அன்புள்ள தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, இவ்வளவுதான் என்று இல்லை. ஏழு மாதத்தில் யாருடைய உடம்பும் தன் எல்லையைத் தொடுவதில்லை. இத்தனை விவரமாக எழுதியதற்கு நன்றி. எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: நான்கு மாதம் ஏறியது, மூன்று மாதம் நின்றது.

அந்த முதல் நான்கு மாதத்தில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால் மற்றது எளிது. புதிதாக வெயிட் தூக்குகிறவருக்கு முதல் சில வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பங்கு தசை வளர்ந்து வருவதல்ல. தசை முன்பே இருக்கிறது, அதை எப்படி வேலை வாங்குவது என்று நரம்பு மண்டலம் கற்றுக்கொள்கிறது. ஒரே நேரத்தில் அதிகமான தசை நார்களை எழுப்புவது, எதிர்த்திசையில் இழுக்கும் தசையைத் தளரவிடுவது, ராடு ஆடாமல் ஒரே பாதையில் போவது எல்லாம் அந்தக் கற்றலில் அடக்கம். மொரிடானி, டிவ்ரீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1979-இலேயே இதை அளந்து காட்டினார்கள். முதலில் நரம்பின் பங்கு அதிகம், வாரங்கள் போகப்போக தசையின் பங்கு கூடுகிறது. 30-இலிருந்து 55-க்கு நீங்கள் வேகமாக வந்தது பெரும்பாலும் அந்த முதல் வரவில்தான். அது ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. இனிமேல் கூடும் ஒவ்வொரு கிலோவுக்கும் புதிய தசை வேண்டும். புதிய தசைக்குச் சாப்பாடும் தூக்கமும் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியும் வேண்டும். உங்கள் எடை நான்கு மாதத்துக்கு முன்பு இருந்த அதே 61 என்றால், தசை கட்டுவதற்கான சரக்கு உள்ளே போகவில்லை. நூல் இல்லாமல் நிட்டிங் மெஷினை மூன்று ஷிப்ட் ஓட்டினாலும் துணி இறங்காது. நீங்கள் ஷிப்டைக் கூட்டிக்கொண்டே போகிறீர்கள்.

தேங்கி நிற்கும்போது எல்லோருக்கும் தோன்றுவது இன்னும் ஒரு பயிற்சி, இன்னும் நான்கு செட், இன்னும் ஒரு நாள் சேர்க்கலாம் என்பதுதான். உழைப்புக்கு அஞ்சாத பிள்ளைகள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். உங்களுக்கு நான் சொல்லப்போவது பெரும்பாலும் குறைப்பதைப் பற்றி.

அதற்கு முன்னால், அந்த 55 நிஜமான 55 தானா என்று பார்க்க வேண்டும். நம் ஜிம்களில் ஒரு பழக்கம் உண்டு. பின்னால் நிற்கிறவர், 'போ, போ, நீயேதான் தூக்குற' என்று சொல்லிக்கொண்டே இரண்டு விரலை ராடுக்கு அடியில் வைத்திருப்பார். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார். ஆனால் அந்த இரண்டு விரல் ஐந்து கிலோவைத் தாங்கும், பத்து கிலோவைக்கூடத் தாங்கும். கடைசி இரண்டு கவுன்ட் அப்படி ஏறியிருந்தால் உங்கள் கணக்கு 55 அல்ல, ஒருவேளை 50. அந்த 50-இலிருந்து 60-க்குத் தாவப் பார்த்தால் நெஞ்சில் உட்காராமல் என்ன செய்யும்?

ராடையும் பாருங்கள். ஆண்களுக்கான ஒலிம்பிக் ராடு 20 கிலோ. அதே ஜிம்மில் மெல்லிய ராடும் கிடக்கும், அது அதில் பாதிகூட இருக்காது. எதை எடுத்தாலும் 'ராடு இருபது' என்று கணக்குப் போடுகிறவர்கள் நிறைய. எடை பார்க்கும் மெஷின் ஜிம்மிலேயே இருக்கும். முதலில் வெறுங்கையோடும், அப்புறம் ராடைத் தூக்கிக்கொண்டும் அதில் ஏறிப் பாருங்கள். பிறகு அந்த ஒரே ராடில் மட்டும் பென்ச் செய்யுங்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். படிப்படியாக எடையைக் கூட்டும் முறைக்கு மருத்துவத்தில் வழி போட்டவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரின்போது சிகாகோவில் ஒரு ராணுவ மருத்துவமனையில், முழங்கால் அடிபட்டுத் தொடை மெலிந்து வந்த சிப்பாய்களை அவர் நடக்க வைத்தார். அதுவரை லேசான எடையைப் பல தடவை தூக்க வைப்பதே வழக்கம். அவர் கனமான எடையைக் கொடுத்தார். ஆனால் கொடுக்கும் முன்னால், சரியாகப் பத்து முறை மட்டும் தூக்க முடிகிற எடை எது என்று ஒவ்வொருவருக்கும் அளந்தார், பிறகு அவ்வப்போது மறுபடியும் அளந்து கூட்டினார். 1945-இல் அது கட்டுரையாக வந்தது. அளக்காமல் கூட்டினால் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது.

ஆகவே இந்த வாரம் ஐந்து நாள் ஜிம்முக்குப் போகாதீர்கள். பலம் போய்விடாது, பயப்பட வேண்டாம். சேர்ந்திருக்கும் அலுப்பு இறங்கட்டும். ஆறாம் நாள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போய், பின்னால் ஒருவரை நிறுத்திக்கொண்டு, 'ராடு கீழே இறங்க ஆரம்பித்தால் ஒழியத் தொடாதீர்கள்' என்று சொல்லிவிட்டு, ஐந்து முழு கவுன்ட் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். முழு கவுன்ட் என்றால் ராடு நெஞ்சைத் தொட வேண்டும், துள்ளக் கூடாது, மேலே முழங்கை முழுவதும் நீள வேண்டும். தனியாக இருக்கும்போது இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

அந்த ஐந்து கவுன்ட் 50 கிலோவில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து பத்து சதவீதம் குறைத்து 45-இல் ஆரம்பியுங்கள். மனசு ஒப்பாது, தெரியும். பக்கத்துப் பென்ச்சில் இருப்பவர் பார்ப்பாரே என்று இருக்கும். பார்க்கட்டும்.

அடுத்தது ஏறும் படி. உங்கள் ஜிம்மில் மிகச் சின்ன பிளேட் 2.5 கிலோவாக இருக்கும் என்று ஊகிக்கிறேன், 55-க்கு அடுத்து நேராக 60 என்று எழுதியிருக்கிறீர்களே. 55-க்கு ஐந்து கிலோ என்பது ஒன்பது சதவீதம். ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் தொடையும் இடுப்பும் சேர்ந்து அந்தத் தாவலை ஓரளவு தாங்கும். மார்பும் தோளும் மேல்கையின் பின்பக்கம் உள்ள டிரைசெப்ஸும் சின்னத் தசைகள், அவற்றால் முடியாது. பெரும்பாலோருக்குப் பென்ச் பிரஸும் தலைக்கு மேல் தூக்கும் ஷோல்டர் பிரஸும்தான் முதலில் நிற்கும். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் இரண்டு காமன்வெல்த் போட்டியிலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். கோல்ட் கோஸ்ட்டில் ஸ்னாட்ச் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) 144, கிளீன் அண்ட் ஜெர்க் (தோள் வரை ஏற்றி, பிறகு மேலே தூக்குவது) 173, மொத்தம் 317 கிலோ. அந்தப் பளுதூக்கும் போட்டியில், அடுத்த முயற்சிக்கு ஒரு கிலோ மட்டும் கூட்டினாலும் போதும் என்பது விதி. போட்டி மேடையில் அரைக் கிலோ பிளேட்டும் உண்டு. 173 கிலோ தூக்குகிறவருக்கு ஒரு கிலோ படி இருக்கும்போது, ஏழு மாத ஆளான உங்களுக்கு ஐந்து கிலோ படி எப்படிச் சரியாகும்?

சொந்தமாக ஒரு ஜோடி 1.25 கிலோ பிளேட் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மாதம் கட்டிய ஜிம் ஃபீஸை நினைத்தால் அது பெரிய செலவில்லை. ராடின் தடிமனைப் பார்த்து அதற்குப் பொருந்தும் ஓட்டையாக வாங்க வேண்டும். முடிந்தால் அரைக் கிலோ ஜோடியும் வாங்கலாம். எங்கள் கிளினிக்குகளில் கணுக்காலில் கட்டும் மணல் பட்டை இருக்கும், அரைக் கிலோ ஒன்று. அதை ராடின் இரு முனையிலும் இறுகச் சுற்றி, வெளியே லாக் போட்டாலும் காரியம் நடக்கும். எதுவும் கிடைக்கவில்லை என்றால் எடையை விட்டுவிட்டுக் கவுன்டைக் கூட்டுங்கள். 50 கிலோவில் மூன்று செட்டும் எட்டு எட்டு சுத்தமாக வரும்வரை 55-ஐத் தொட வேண்டாம். வந்த பிறகு 55-இல் ஐந்து தானாக வரும்.

இனி நாட்கள். ஒரே இரவில் மார்புக்கு இருபது செட் போடுகிறீர்கள். ஏழெட்டு செட்டுக்கு மேல் அதில் உருப்படியான வேலை நடப்பதில்லை, களைப்பு மட்டும் சேருகிறது. அப்புறம் ஆறு நாள் மார்புக்கு ஒன்றுமே இல்லை. ஒரு நல்ல பயிற்சிக்குப் பிறகு தசை கட்டும் வேலை சுமார் ஒன்று, இரண்டு நாள் வேகமாக நடந்து அடங்கிவிடும். ஆகவே வாரத்தில் ஒருமுறை இருபது செட்டைவிட, அதில் பாதியை இரண்டு நாளாகப் பிரித்துப் போடுவது உங்கள் நிலையில் இருப்பவருக்கு மிக நல்லது. பென்ச் பிரஸ் ஒரு திறமையும்கூட, வாரம் ஒருமுறை மட்டும் பழகினால் கை மறந்துவிடும்.

திங்கள், புதன், வெள்ளி மூன்று நாள் போதும். திங்கட்கிழமை ஸ்குவாட், கனமான பென்ச், ஏதாவது ஒரு ரோயிங் (எடையை வயிற்றை நோக்கி இழுப்பது). பென்ச் மூன்று செட், ஐந்து ஐந்து கவுன்ட். மூன்று செட்டும் முழுதாக வந்தால் அடுத்த திங்கள் 2.5 கிலோ கூட்டுங்கள். புதன்கிழமை தலைக்கு மேல் தூக்கும் பிரஸ், ருமேனியன் டெட்லிஃப்ட் (ராடைப் பிடித்து இடுப்பை மடக்கிக் குனிந்து நிமிர்வது), லாட் புல்டவுன் (தலைக்கு மேலே உள்ள கம்பியை நெஞ்சுக்கு இழுப்பது). வெள்ளிக்கிழமை மறுபடி ஸ்குவாட், ரோயிங், லேசான பென்ச். திங்கட்கிழமை எடையில் எண்பது சதவீதம், மூன்று செட், எட்டு கவுன்ட். வெள்ளிக்கிழமை பென்ச் சுலபமாக இருக்க வேண்டும், அன்று சாதிக்கப் பார்க்காதீர்கள். கைக்கு ஏதாவது செய்யாமல் மனசு ஆறாது என்றால் கடைசியில் பைசெப்ஸ் இரண்டு செட். அவ்வளவுதான், கேபிள், பெக் டெக் போன்ற மெஷின் எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

செட்டுக்கு நடுவில் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்று எழுதவில்லை. இருபது செட்டை ஒரு மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்றால், தூக்கும் நேரம் போக, சுமார் இரண்டு நிமிஷம்தான் இருக்கும். கனமான செட்டுகளுக்கு நடுவே மூன்று நிமிஷம் உட்காருங்கள். ஒரு நிமிஷ ஓய்வையும் மூன்று நிமிஷ ஓய்வையும் ஒப்பிட்டு 2016-இல் வந்த ஓர் ஆய்வில், மூன்று நிமிஷம் எடுத்தவர்களுக்குத்தான் பலமும் தசையும் அதிகம் கூடியது. வியர்வை குறைவாக வரும், அதனால் பயிற்சி குறைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

பென்ச் செய்யும் விதத்தில் நான்கை மட்டும் கவனித்தால் போதும். படுத்ததும் இரண்டு தோள்பட்டை எலும்பையும் பின்னால் ஒன்றையொன்று தொடுவதுபோல் இழுத்து, கீழே இறக்கிப் பென்ச்சில் அழுத்துங்கள். செட் முடியும்வரை அது விலகக் கூடாது. பாதம் தரையில் ஊன்றியிருக்க வேண்டும், காலைத் தூக்கிப் பென்ச்சின் மேல் வைக்காதீர்கள். ராடு கழுத்துப் பக்கம் வராமல் மார்பின் கீழ்ப்பாதியில் இறங்க வேண்டும், முழங்கை உடம்புக்குச் செங்குத்தாக விரியாமல் கொஞ்சம் உள்ளே வர வேண்டும். முழங்கை விரிந்தால் தோளின் முன்பக்கம் வலிக்க ஆரம்பிக்கும், அப்படி வந்தவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். கட்டைவிரல் ராடைச் சுற்றித்தான் இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது.

இப்போது சாப்பாடு. நீங்கள் எழுதியதை வைத்துக் கணக்குப் போட்டேன். நான்கு இட்லியில் எட்டு கிராம் புரதம், மதியச் சோறும் சாம்பாரும் சேர்ந்து பதினைந்துக்குள், இரவுத் தோசை மூன்றில் ஒன்பதோ பத்தோ, இரண்டு முட்டையில் பன்னிரண்டு. டீ, பன் எல்லாம் சேர்த்தாலும் ஐம்பது கிராமை ஒட்டித்தான் வருகிறது. நம் நாட்டு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) பரிந்துரை ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம், உங்கள் எடைக்கு 51. அதாவது சாதாரணமாக இருக்கிறவருக்குப் போதும். தசை வளர்க்க வெயிட் தூக்குகிறவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் வரை பலன் தருகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த முடிவு சொல்கிறது. உங்களுக்கு அது 98 கிராம். பாதிதான் போகிறது.

மீதிப் பாதிக்கு மூவாயிரம் ரூபாய் டப்பா தேவையில்லை. மீல் மேக்கர் காய்ந்தது 50 கிராம் எடுத்தால் 25 கிராம் புரதம் இருக்கிறது; மதியப் பொரியலிலோ குழம்பிலோ போடச் சொல்லுங்கள். சாயங்காலம் பன்னுக்குப் பதில் வேர்க்கடலை 50 கிராம், அதில் பன்னிரண்டு. இன்னும் இரண்டு முட்டை, பன்னிரண்டு. இரவு பால் ஒரு டம்ளர், ஏழோ எட்டோ. நூறைத் தாண்டிவிட்டது. கோழி, மீன் சாப்பிடும் நாளில் இன்னும் சுலபம். சோற்றைக் குறைக்காதீர்கள், உங்களுக்கு மாவுச்சத்தும் வேண்டும். வாரம் ஒருமுறை காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். மாதம் ஒரு கிலோ அளவில் ஏறினால் சரி. ஏறவே இல்லை என்றால் மதியம் ஒரு கரண்டி சோறும் இரவு ஒரு வாழைப்பழமும் கூட்டுங்கள்.

மாஸ் கெய்னரில் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துதான். விஷமில்லை, ஆனால் நீங்கள் கொடுக்கும் விலைக்கு அதில் ஒன்றும் இல்லை. மாஸ்டரிடம் சண்டை வேண்டாம், 'மூன்று மாதம் சாப்பாட்டில் பார்த்துவிட்டு வாங்குகிறேன்' என்று சொல்லுங்கள்.

ஊசி விஷயத்தில் எனக்குக் கவலையாக இருக்கிறது. அவர் சொல்வது அனபாலிக் ஸ்டீராய்டாகத்தான், அதாவது செயற்கை ஆண் ஹார்மோனாகத்தான் இருக்கும். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும். விரைகள் சுருங்கும், விந்தணு குறையும், ஊசியை நிறுத்திய பிறகு பழைய நிலைக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம். நல்ல கொலஸ்ட்ரால் இறங்கும், ரத்தம் கெட்டியாகும், இதயச் சுவர் தடிக்கும். 26 வயதில், கல்யாணம் காட்சி எல்லாம் முன்னால் இருக்கும்போது, ஐந்து கிலோ பிளேட்டுக்காக இதைச் செய்யாதீர்கள். உங்களுக்குக் குறைவது ஹார்மோன் அல்ல, மீல் மேக்கரும் இரண்டு மணி நேரத் தூக்கமும்தான்.

தூக்கத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டரைக்குப் படுத்து ஆறரைக்கு எழுந்தால் ஆறு மணி நேரம். அந்த பிரீ ஒர்க்அவுட் பவுடரில் ஒரு ஸ்கூப்புக்கு 200 மில்லிகிராம் அளவில் காஃபின் இருப்பது சாதாரணம். உடம்பிலிருந்து அதில் பாதி இறங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். எட்டே முக்காலுக்குக் குடித்தால் நள்ளிரவு தாண்டியும் அது வேலை செய்துகொண்டிருக்கும். படுத்ததும் தூங்கிவிடுகிறேன் என்று சொல்வீர்கள், ஆனால் அந்தத் தூக்கம் ஆழமாக இருக்காது. பவுடரை விடுங்கள். ஜிம் குறைந்ததால் செவ்வாய், வியாழன், சனி மூன்று இரவும் இப்போது உங்கள் கையில் இருக்கின்றன. அன்று பத்தரைக்குப் படுத்தால் எட்டு மணி நேரம். ஜிம் நாளில் பதினொன்றரைக்குப் படுத்தால் ஏழு. நாள் முழுக்கக் கட்டிங் டேபிளில் நின்று வேலை செய்கிறீர்கள், அந்த உழைப்பும் உடம்பின் கணக்கில் ஏறுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

பலம் கூட்டுவதற்காக ஜிம்களில் எடுக்கும் கிரியேட்டின் பவுடர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். சிறுநீரகக் கோளாறு இல்லாதவர் ஒரு நாளைக்கு 3 முதல் 5 கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் எடுக்கலாம், பலம் கொஞ்சம் கூடும். ரத்தப் பரிசோதனை செய்தால், சிறுநீரகத்தின் நிலையைப் பார்க்க அளக்கும் கிரியேட்டினின் சற்று ஏறிக் காட்டலாம், மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆனால் முதல் பன்னிரண்டு வாரம் அதுவும் இல்லாமல் போய்ப் பாருங்கள், எதனால் பலன் வந்தது என்று தெரிய வேண்டும்.

45, 47.5, 50 என்று வாரம் ஒரு படி போனால் ஐந்தாவது திங்கட்கிழமை பழைய 55-க்கு வருவீர்கள், இந்த முறை யார் விரலும் இல்லாமல். 55-லோ அதற்கு மேலோ ஒரு வாரம் தடுக்கினால் அடுத்த வாரம் அதே எடையை மறுபடி செய்யுங்கள். மூன்று திங்கட்கிழமை தொடர்ந்து வரவில்லை என்றால் பத்து சதவீதம் இறக்கி மீண்டும் ஏறுங்கள், அப்போது அரைக் கிலோ பிளேட் உதவும். இது யாருக்கும் நடப்பதுதான், பதற வேண்டாம். ஆனால் தோளின் முன்பக்கம் இரவில் வலித்து எழுப்பினாலோ, கை மரத்துப்போனாலோ நேரில் யாரிடமாவது காட்டுங்கள். தூக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ மயக்கமோ வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். நன்றாகத் தின்று தூங்கியும் அசதி போகவில்லை என்றால் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள்.

ஒரு சின்ன நோட்டு வாங்கி, தேதி, எந்த ராடு, எடை, முழு கவுன்ட் எத்தனை, படுத்த நேரம், காலை எடை என்று எழுதுங்கள். பன்னிரண்டு வாரம் கழித்தும் 55-ஐத் தாண்டவில்லை என்றால் அந்த நோட்டின் பக்கங்களையும், பக்கவாட்டில் பென்ச் உயரத்துக்குப் போனை வைத்து எடுத்த ஒரு செட்டின் வீடியோவையும் எனக்கு அனுப்புங்கள். ராடு நெஞ்சிலிருந்து கிளம்பவே இல்லையா, பாதி வழியில் நிற்கிறதா என்பது அதில் தெரியும். அதைப் பார்த்து அடுத்து என்ன மாற்றுவது என்று சொல்கிறேன்.